லயத்தடி மண்ணும் கோடை மரக்கறியும்

மலையகத்தில் 'தோட்டம்' என்றால் அது தேயிலைத் தோட்டந்தான். முன்பின் அறியாத இருவர் ரயிலில் எதிரெதிரே அமர்ந்தால், 'நீங்க எந்தத் தோட்டம்?' என்பதே முதற் கேள்வியாக இருக்கும். ஊர், பிரிவு, உறவு முறை எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். ஆகவே லயத்தின் பின்னால் நாலு பாத்தி போஞ்சியும் இரண்டு பாத்தி கோவாவும் வைத்திருப்பவர் அதைத் தோட்டம் என்று சொல்வதில்லை. 'கொஞ்சம் மரக்கறி போட்டிருக்கேன்' என்பார். அந்தச் சொல் பெரியதொன்றுக்கு உரியதாகிவிட்டது. பெரியதற்கு உரிமையாளரும் வேறு ஒருவர். தம் கையால் கொத்தி, தம் கையால் நீரூற்றும் மண்ணுக்கு எங்கள் மக்களிடம் சரியான பெயர்கூட இல்லை என்பதை நான் நெடுங்காலம் கவனிக்காமலே இருந்துவிட்டேன்.

கவனிக்க வைத்தவர் கொழும்பில் என்னோடு பணியாற்றிய ஓர் இளம் நிருபர். கடந்த பங்குனியில் செய்தி ஒன்றின் பொருட்டு இருவரும் தலவாக்கலைக்குப் போயிருந்தோம். அங்கிருந்து வட்டகொடைக்கும் போய் வந்தோம். திரும்பும் வழியில் அவர் கேட்டார்: "ஐயா, எங்கு பார்த்தாலும் பச்சைப் பசேலென்று இருக்கிறது. மழைக்கும் குறைவில்லை. இந்த மக்கள் ஏன் கடையில் மரக்கறி வாங்குகிறார்கள்? வீட்டுத் தோட்டம் செய்யலாமே?" கேள்வியில் தவறில்லை. ஒவ்வொரு பஞ்சத்தின்போதும் அமைச்சர்களும் அதிகாரிகளும் இதையேதான் கேட்டிருக்கிறார்கள். ஆனால் மறுமொழியை ஒரு வாக்கியத்தில் சொல்ல என்னால் முடியவில்லை. ஏறத்தாழ 180 ஆண்டு வரலாற்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அவரிடம் அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதிவைக்கிறேன்.

முதலில் கோடை என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். தமிழகத்து வாசகர்களுக்குக் கோடை என்றதும் சித்திரை, வைகாசி நினைவுக்கு வரும். வட்டகொடை கடல் மட்டத்திலிருந்து 4000 அடிக்கு மேலே, தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்ன் மலைக்கும் இடையில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றை நெஞ்சு கொடுத்து வாங்கும் சரிவு இது. வைகாசியின் பிற்பகுதியில் தொடங்கும் மழை ஆவணி வரை விடாது. அந்த மாதங்களில் பாத்தியில் விதை நின்றால் அதிசயம். மண்ணே கரைந்து கானுக்குள் போய்விடும். எங்களுக்குக் கோடை என்பது தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்கள். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். இரவில் பனி கொட்டும். வறண்ட குளிர்காற்று வீசும். இன்னும் மேலே, நுவரெலியாப் பள்ளத்தாக்குகளில், விடியற்காலையில் உறைபனி விழுந்து உருளைக்கிழங்குச் செடி வெந்ததுபோலக் கறுத்துவிடும். அதனால் அங்குள்ள விவசாயிகள் சூரியன் ஏறுவதற்கு முன்பே இலைகளில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுவார்கள்.

இந்த வறண்ட காற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. உலகச் சந்தையில் 'திம்புல' என்ற பெயரில் விலைபோகும் தேயிலைக்கு மிகச் சிறந்த மணமும் சுவையும் கிடைப்பது இந்த மூன்று மாதங்களில்தான். கொழுந்து மெதுவாக வளர்வதால் சுவை செறிகிறது. மெதுவாக வளர்வதால் கொழுந்தின் அளவும் குறைகிறது. கொழுந்து குறைந்தால் தொழிலாளிக்கு 'பேர்' குறையும். முழு நாள் நின்றாலும் நிறுவையில் குறை வந்தால் அரைப் பேர்தான். தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கும் பருவமும் லயத்தில் அடுப்பு தணியும் பருவமும் ஒன்றாகவே வந்து சேர்வது மலையகத்தின் பழைய முரண். லயத்தடி மரக்கறி கோடையில் உயிர்ப் பிரச்சினையாவது இதனால்தான்.

மரக்கறி இந்த மலைக்கு வந்த கதையைத் தேடினால் அதுவும் வெள்ளைக்காரரிடம் போய் நிற்கிறது. பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், அதற்கு முன்பு நுவரெலியாவில் உடல்நலம் தேறத் தங்கியவர். அந்தக் குளிரும் காற்றும் அவருக்குப் பிடித்துப்போக, 1848இல் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் கருவிகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து ஒரு பண்ணையைத் தொடங்கினார். தன் அனுபவங்களை 1855இல் வெளியான நூலில் எழுதியிருக்கிறார். காட்டை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டால் மண் தானாகவே அள்ளிக் கொடுக்கும் என்று நம்பி வந்தவர் அவர். புழுவும் காட்டு விலங்குகளும் முதல் விளைச்சலைத் தின்றன. கன்னி மண் என்று நினைத்தது எருவில்லாமல் எதையும் தரவில்லை. எரு போட்டுப் பண்படுத்திய பிறகே பயிர் நின்றது. பச்சையைப் பார்த்து மண்ணை எடைபோடக் கூடாது என்பதை அந்த ஆங்கிலேயர் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டார். என் இளம் நண்பரின் கேள்விக்குப் பாதி மறுமொழி இதிலேயே இருக்கிறது.

பேக்கர் போனபின் கோப்பி செழித்தது. 1869இல் கோப்பி இலைகளில் துரு நோய் கண்டது. 20 ஆண்டுகளுக்குள் மலைகளெல்லாம் தேயிலைக்கு மாறின. ஹட்டனிலிருந்து நானுஓயா வரை ரயில் பாதை 1885இல் திறக்கப்பட்டது. வட்டகொடை நிலையம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் துரையின் பங்களாவுக்கென்று ஒரு மரக்கறித் தோட்டம் இருந்தது. கரட், பீட்ரூட், லீக்ஸ், கோவா, நோக்கோல், பட்டாணி என்று சீமைக் காய்கள் அங்கே விளைந்தன. நீரூற்றிக் களைபறித்தவர் லயத்திலிருந்து போன ஒருவர். பங்களாத் தோட்டக்காரரின் மடியில் விதையும் நாற்றும் லயத்துக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். சேலம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்த மக்களுக்குப் பூசணியும் மொச்சையும் அவரையும் தெரியும், லீக்ஸ் தெரியாது. ஆனால் நான் பிறந்த காலத்தில், லீக்ஸ் தண்டைப் பொடியாக அரிந்து மாசிக் கருவாட்டுத் தூளோடு வதக்குவது லயத்துச் சமையலாகவே ஆகியிருந்தது.

தோட்ட நிருவாகங்கள் தொழிலாளருக்கு உணவு கொடுத்தன என்று சொல்பவர்கள் உண்டு. கொடுத்தது அரிசி, அதற்கான விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. அந்த அரிசியும் இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்தது. ஆக, மலையில் வேலை செய்தவரின் வயிறு கடல் கடந்த வயல்களை நம்பி இருந்தது. சோற்றுக்கு மேலே ஊற்றுவதற்கு ஏதேனும் வேண்டுமென்றால், அதை லயத்தடியில்தான் தேட வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்கு முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்னால் ஒரு கான், கானுக்கு அப்பால் தேயிலை. அந்தக் கானுக்கும் முதல் தேயிலை வரிசைக்கும் இடைப்பட்ட நிலந்தான் தொழிலாளியின் விவசாய பூமி. தொங்கல் காம்பராக்காரருக்குப் பக்கவாட்டிலும் கொஞ்சம் கிடைக்கும். அதனால் தொங்கல் காம்பராவுக்கு எப்போதும் போட்டி இருந்தது.

இந்த நிலம் பெரியதா சிறியதா என்பதைவிட அது யாருடையது என்பதே பிரச்சினையின் வேர். துரை பார்த்தும் பாராதது போல் இருந்தால் பாத்தி இருக்கும். துரை மாறினால், அல்லது அந்த மலையில் மறுநடுகை வந்தால், பாத்தி போய்விடும். நாட்டின் சட்டமும் கைகொடுக்கவில்லை. காணியற்ற விவசாயிகளுக்கு அரச காணி வழங்குவதற்காக 1935இல் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பயன், இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருக்கு எட்டாத வகையில் வரையறுக்கப்பட்டிருந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின் நடந்தது உருளவள்ளிப் போராட்டம். கேகாலை மாவட்டத்தில், ஆங்கிலத்தில் நேவ்ஸ்மியர் என்று அழைக்கப்பட்ட அத்தோட்டத்தை அரசு கிராம விஸ்தரிப்புக்காகச் சுவீகரித்து, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. தாங்கள் வாழ்ந்து பயிரிட்டு வந்த மண்ணைவிட்டு அவர்கள் வெளியேற மறுத்தார்கள். 1946இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் அவர்களுக்காக வேலைநிறுத்தம் நடத்தியது. தொழிற்சங்க வரலாற்றில் அது சம்பளத்துக்கான போராட்டங்களின் வரிசையில் வைத்துச் சொல்லப்படுகிறது. அதை நான் வாழும் மண்ணுக்கான போராட்டமாகவே வாசிக்கிறேன்.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது அரிசிக் கப்பல்கள் நின்றன. நாடெங்கும் உணவுப் பங்கீடு வந்தது. அதுவரை லயத்தடிப் பாத்தியை முறைத்துப் பார்த்தவர்கள், இருக்கும் மண்ணிலெல்லாம் கிழங்கு நடச் சொன்னார்கள். மரவள்ளியும் வற்றாளையும் அப்படிப் பரவியவை என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். யுத்தம் முடிந்ததும் அந்தப் பரிவும் முடிந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவர். அவருக்கு வாக்களித்த மக்களில் பெரும்பாலோர் அடுத்த தேர்தலில் வாக்காளர்களாகவே இல்லை. நாடற்றவர் ஆகிவிட்ட பின்பு நிலமற்றவர் என்பதைப் பற்றிப் பேச யார் இருந்தார்கள்?

இனி எனக்கு நினைவு தெரிந்த காலத்துக்கு வருகிறேன். 1970இல் பதவிக்கு வந்த அரசாங்கம் உள்நாட்டு உற்பத்தியைப் பெருக்கும் நோக்கில் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. யாழ்ப்பாணத்து விவசாயிகளும் வெலிமடை, நுவரெலியா விவசாயிகளும் அந்த ஆண்டுகளில் கைநிறையப் பார்த்தார்கள் என்பது உண்மை. அவர்களுக்குக் காணி இருந்தது. காணி இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு அதே கொள்கை வேறு விதமாக வந்து சேர்ந்தது. 1973இல் உலகச் சந்தையில் உணவு விலை ஏறியபோது அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது. கோதுமை மாவுக்கும் பங்கீடு வந்தது. ரொட்டியை நம்பி இருந்த லயங்களில் அடுத்த ஆண்டு பட்டினி நுழைந்தது. 1974இல் தோட்டப்புறங்களின் மரண வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட வெகுவாக உயர்ந்தது என்பது பதிவாகியுள்ள உண்மை.

எனக்கு அப்போது ஐந்து வயது. பசியைவிட, அந்தப் பசியோடு ஒட்டிய சில காட்சிகளே நினைவில் நிற்கின்றன. அம்மா மலையிலிருந்து திரும்பும்போது கொழுந்துக் கூடையின் அடியில் ஏதாவது கீரை இருக்கும். மரவள்ளிக் கிழங்கைச் சீவாமல் அவித்து, சாயத்தண்ணியோடு தின்போம். சில நாட்களில் சாயத்தண்ணி மட்டும். எங்கள் காம்பராவுக்குப் பின்னால், கானின் விளிம்போடு ஒட்டி, அம்மாவுக்கு ஆறு பாத்திகள் இருந்தன. நடுவே ஒரு சௌசௌப் பந்தல்.

அந்தக் கோடையில் அம்மா அந்தப் பாத்திகளை எப்படிக் காப்பாற்றினார் என்பதைப் பின்னாளில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மழைக்காலத்தில் பாத்தியை மேடாகக் கட்டுவது வழக்கம். கோடையில் அதைச் சரித்து நடுவைப் பள்ளமாக்கிவிடுவார். ஊற்றும் நீர் ஓடிப்போகாமல் வேரடியில் நிற்க வேண்டும். மேலே மானாப் புல்லை வெட்டிப் பரப்புவார். தேயிலை மறுநடுகைக்கு முன்னால் ஒன்றரை இரண்டு ஆண்டுகள் மானாப் புல்லையோ கௌதமாலாப் புல்லையோ வளர்த்து மண்ணைத் தேற்றுவது தோட்டங்களின் முறை. அந்த வேலைக்குப் போன அனுபவத்தில் அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. அடுப்புச் சாம்பல் போஞ்சிக்கு, பக்கத்து லயத்து மாட்டுக்காரரிடம் வாங்கிய சாணம் கோவாவுக்கு. நாற்றுக்குப் பகல் வெயில் படாமல் பன்னைச் செடிகளை ஒடித்துக் குத்திவைப்பார். பீலித் தண்ணீர் மாசியில் நூலாக இளைத்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் போக, பாத்திரம் கழுவிய நீரும் அரிசி களைந்த நீரும் பாத்திக்குப் போகும். அரிசியே இல்லாத நாட்களில் களைந்த நீர் ஏது என்று நான் ஒருமுறை விளையாட்டாகக் கேட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

சௌசௌவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குத் தனியாக விதை எடுத்து வைக்க வேண்டியதில்லை. காய்க்குள்ளே ஒரே ஒரு விதை. முற்றிய காய் இருந்த இடத்திலேயே முளை விடும். முழுக் காயையும் அப்படியே மண்ணில் புதைத்தால் கொடியாகும். கிழங்கும் உண்ணலாம், தளிரும் உண்ணலாம். நிலமற்றவனுக்கென்றே படைத்த பயிர்போல, வேர் ஓரிடத்திலும் பந்தல் வேறிடத்திலுமாக, கானுக்கு மேலே, லயத்துக் கூரைமேலே எங்கும் படரும்.

எங்கள் பந்தலின் முதற்காயைத் தந்தவர் பக்கத்துக் காம்பராக் கிழவி. 'பெரியாயி' என்றுதான் லயம் முழுவதும் அவரைக் கூப்பிடும். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி, நாடற்றவராய் இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் தீர்மானமாயிற்று. மீதி 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதென 1974இல் முடிவாயிற்று. பெரியாயியின் குடும்பம் இந்தியாவுக்குரிய கணக்கில் சேர்ந்தது. பஞ்சத்தைக் கண்டு பயந்து, காலம் தாழ்த்தாமல் புறப்பட்டவர்களில் அவர்களும் அடக்கம். வழியனுப்ப வந்தவர்களின் அழுகையால் தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயராயிற்று.

புறப்படும் நாளின் காலையில் பெரியாயி தன் பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்றினாராம். மகன் சத்தம் போட்டிருக்கிறார்: "இன்னும் ஒரு மணித்தியாலத்துல கோச்சி. யாருக்கு ஆயா ஊத்துற?" கிழவி பதில் சொல்லாமல் ஊற்றி முடித்திருக்கிறார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, "போஞ்சி பூத்திருச்சு, பத்து நாளுல எடுக்கலாம். கிழங்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கட்டும், அவசரப்பட்டுத் தோண்டாத. வெதைக்கு ஒரு கொடியை விட்டுரு" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் போஞ்சியைத் தின்றே நாங்கள் அந்தப் பங்குனியைக் கடந்தோம். விதைக்கு ஒரு கொடியை விட்டார்கள். பசித்த வீட்டில் முற்றட்டும் என்று ஒரு கொடியைத் தொடாமல் விடுவது எவ்வளவு கடினம் என்பதை நான் பெற்றோனான பிறகுதான் விளங்கிக்கொண்டேன். பெரியாயி தமிழகத்தில் எங்கே இறங்கினார், என்ன ஆனார் என்று தெரியாது. அங்கிருந்து கடிதம் எதுவும் வரவில்லை.

1972இல் வந்த காணிச் சீர்திருத்தம் 1975இல் கம்பனித் தோட்டங்களுக்கும் விரிந்தது. தோட்டங்கள் அரசுடைமையாயின. தொழிலாளருக்கு அந்நிலத்தில் பங்கு கிடைக்கும் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். 1977இல் நுவரெலியா மாவட்டத்தில் ஏறத்தாழ 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்கு வழங்க முயற்சி நடந்தது. தொழிலாளர் மறித்தார்கள். மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். மலையகம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. காணிப் பகிர்வு கைவிடப்பட்டது. தமக்கென்று ஓர் அங்குலமும் எழுதித் தரப்படாத மண்ணைக் காக்கவே அவர் உயிர்விட்டார். அன்று அந்தக் காணி பறிபோயிருந்தால், அங்குள்ள லயங்களின் வேலையும் பாத்திகளும் சேர்ந்தே போயிருக்கும்.

1992இல் தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. எந்தக் கம்பனி, எந்தத் தோட்டம் என்று நான் எழுதப்போவதில்லை. ஆனால் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு கோடையில், வளர்ந்த தேயிலைக்கு இடைஞ்சல் என்று சொல்லி, எங்கள் லயத்தின் பின்புறப் பாத்திகளை அழிக்கச் சொன்னார்கள். அம்மா அப்போது ஓய்வுபெற்றிருந்தார். நான் கொழும்பில் பத்திரிகையில் இருந்தேன். 'எழுது' என்று தம்பி தொலைபேசியில் சொன்னான். தோட்டக் காணியில் அனுமதியின்றிப் பயிர் என்பதே அவர்கள் தரப்பு. சட்டப்படி அது சரியாகவும் இருந்தது. ஆதாரம் கேட்டால் காட்டுவதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. நான் எழுதவில்லை. எத்தனையோ ஊர்களின் குறைகளை எழுதிய நான், சொந்த வீட்டுப் பாத்தியைப் பற்றி எழுதினால் பக்கச்சார்பு ஆகும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அம்மா தன் கையாலேயே பந்தலைப் பிரித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த மௌனம் இன்றுவரை உறுத்துகிறது. இக்கட்டுரைக்கு அதுவும் ஒரு காரணம்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2021 ஏப்ரலில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்யத் தீர்மானித்தது. நவம்பரில் பின்வாங்குவதற்குள் பயிர்கள் அடிபட்டிருந்தன. 2021இல் ஏறத்தாழ 30 கோடிக் கிலோகிராமாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடிக் கிலோகிராமாக வீழ்ந்தது. கொழுந்து குறைந்தபோது பேரும் குறைந்தது. நாட்சம்பளம் 1000 ரூபாவாகியிருந்தது. அந்த 1000 ரூபாவின் பெறுமதியும் கரைந்துபோயிற்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அவ்வாண்டு ஜூனில் அரச ஊழியருக்கு வீட்டுத் தோட்டம் செய்வதற்கென்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை தரப்பட்டது. தோட்டத் தொழிலாளி அன்றாடக் கூலி. அவருக்கு விடுமுறை என்பது சம்பளமில்லாத நாள். பயிர் செய்யச் சொன்னால் 'எங்கே?' என்று கேட்க வேண்டிய நிலை. 1942இல் சொன்னதும், 1974இல் சொன்னதும், 2022இல் சொன்னதும் ஒன்றுதான். மூன்று முறையும் மண் யாருடையது என்ற கேள்வி தீராமலே இருந்தது.

மாற்றமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றவர் பிரச்சினை பெருமளவில் தீர்ந்தது. 2015க்குப் பிறகு, லயங்களுக்குப் பதிலாக 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடுகள் கட்டும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. 7 பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 1905 சதுர அடி. 550 சதுர அடி வீடு போனால் 1350 சதுர அடி மிஞ்சும். மலசலகூடத்துக்கும் பாதைக்கும் மண்சரியாமல் கட்டும் அணைக்கும் ஒதுக்கிவிட்டால் 1000 சதுர அடியை மரக்கறிக்கு விடலாம். இளம் நண்பரிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது, "இது சிறிது அல்லவா?" என்றார். சிறிதுதான். 20 பேர்ச்சஸ் கேட்பவர்களின் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அம்மாவின் ஆறு பாத்திகளும் சேர்ந்து 200 சதுர அடிகூட இராது. அதை வைத்துக்கொண்டு அவர் ஐந்து வாய்களைக் கோடையிலிருந்து கரையேற்றினார். லயங்களில் இன்னும் வாழும் பெருந்தொகையானோருக்கு அந்த 7 பேர்ச்சஸும் வரவில்லை. வீடு கிடைத்த பலருக்கு உறுதிப்பத்திரம் கைக்கு வர நீண்ட காலம் ஆனது என்பதே குறை.

வட்டகொடையில் நாங்கள் போனது என் பெரியம்மா மகளின் வீட்டுக்கு. அக்காவுக்கு 60 வயது தாண்டிவிட்டது. புதிய வீடு கிடைத்தவர்களில் ஒருவர். நாங்கள் போனபோது மாலை நான்கு மணி. பங்குனியின் கடைசி வாரம். பகல் முழுவதும் காய்ந்துவிட்டு, கிரேட் வெஸ்டர்ன் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அக்கா வாளியோடு பாத்தியில் நின்றார்.

"மழை வரப்போகுதே அக்கா, எதுக்கு ஊத்துறீங்க?" என்றேன்.

"வரும்னு நெனச்சு மூணு நாளு ஊத்தாம விட்டேன் தம்பி. வரல. வந்தா ரெட்டைத் தண்ணி குடிக்கட்டும்" என்றார்.

பாத்திகள் பள்ளமாக்கப்பட்டிருந்தன, மேலே மானாப் புல். ஓரத்தில் சௌசௌப் பந்தல். அம்மா தன் பந்தலைப் பிரித்த அன்று, முளைவிட்ட காய்கள் நாலைந்தை அக்காவிடம் கொடுத்து அனுப்பியிருந்தாராம். அவற்றில் ஒன்றின் வழி வந்த கொடி அது. அது எனக்குத் தெரியாது. அம்மா இறந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன, அவரும் சொல்லவில்லை. பெரியாயி கொடுத்த காயின் வம்சம் அரை நூற்றாண்டு கடந்து, மூன்றாவது பந்தலில் காய்த்துக்கொண்டிருந்தது. இளம் நண்பர் அதைப் படம் பிடித்தார். நான் உறுதிப்பத்திரம் வந்துவிட்டதா என்று அக்காவிடம் கேட்டேன். "பத்திரம் வருதாம், வருதாம்னு சொல்றாங்க. பெயர் எல்லாம் எழுதிட்டுப் போயிருக்காங்க" என்றார்.

புறப்படும்போது ஒரு பையில் போஞ்சியும் இரண்டு சௌசௌவும் தந்தார். ஒன்று இளசு. மற்றது முற்றி, நுனியில் வெள்ளையாக முளை தெரிந்தது. "இதைச் சமைச்சிராதீங்க தம்பி. கொழும்புல எங்கயாவது மண்ணு இருந்தா வைங்க" என்றார். கொழும்பில் நான் இருப்பது மூன்றாம் மாடியில். ஒரு பழைய வாளியில் மண் நிரப்பி வைத்திருக்கிறேன். அந்த வெப்பத்துக்கு அது காய்க்குமா என்பது ஐயந்தான். இதை எழுதும் நாள்வரை இரண்டு இலை விட்டிருக்கிறது.